அண்ணே அடித்தால் மிஷின் தாழ வேண்டும்

மத்தியானம் மூன்று மணி இருக்கும். பினாங்குத் தீவு, ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மேடை நடுவே ஓர் இரும்பு நாற்காலி, அதன் மேல் மஞ்சள் துணி சுற்றிய உறுமி, உறுமிக்கு முன்னால் கும்பிடாத குறையாக நான்.

"அண்ணே, ஒரே ஒரு அடி. லேசா அடிச்சாப் போதும். எனக்கு சத்தத்தோட லெவல் பாக்கணும், அவ்வளவுதான் லா."

"சூடம் காட்டாம தொட மாட்டேன் கௌரி."

"அப்ப இப்பவே சூடம் காட்டிருவோம்."

"எல்லாரும் வரட்டும். பாடுற பிள்ளைங்க வரணும், தப்பு அடிக்கிறவனுங்க வரணும். ஆளு கொறைய பூச போட்டா அது பூசையா?"

எல்லாரும் வர ஆறரை ஆகும். ஏழு மணிக்குச் சங்கத்தின் தீபாவளி விருந்தில் எங்கள் நிகழ்ச்சி. ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் பூசை, புடவை மடிப்பு, பிரியாணி வாசம், சங்கத் தலைவரின் உரை. அதற்குள் நான் எங்கே லெவல் பார்ப்பது?

உறுமிக்காரர் பெயர் முனியாண்டி. நிபோங் திபால் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் அண்ணே. ஒத்திகை நாளில் உறுமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிடுவார். மேடை ஏறும் நாளில் மட்டும் உறுமி, தப்பு அடிக்கும் அவர்கள் குழுவில் கண்டிப்பு அதிகம். பூசைக்கு முன்னால் உறுமி வாயைத் திறக்கக் கூடாது.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சேவியர் அந்தப் பக்கமாக வந்தார். கையில் மண்டபத்தைத் துடைக்கும் சிவப்பு பிளாஸ்டிக் வாளி.

"விடு கௌரி. நான் இதத் தட்டுறேன், நீ இத வச்சு செட் பண்ணு. சத்தம்னா சத்தம்தானே?"

தட்டினார். நானும் வாளியின் சத்தத்தை வைத்தே எல்லாக் குமிழ்களையும் திருகி முடித்தேன். இந்த இடத்தில் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு மாலைக்காக நான் ஆறு மாதம் அலைந்திருந்தேன்.

கை மட்டும் ஆடியது

தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெலுகோரில் எங்கள் வீடு. அப்பா அரசாங்க குமாஸ்தா. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பங்களில் மகளுக்கு பியானோ என்பது தடுப்பூசி மாதிரி, போட்டே ஆக வேண்டும். எனக்கும் எட்டு வருடம் போட்டார்கள். அது உடம்பில் வேறு விதமாக வேலை செய்து, நான் பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சர்க்கியூட் போர்டுகளைச் சோதிக்கும் டெக்னீஷியனாகவும், வாரக் கடைசியில் சிந்தசைசர் வாசிப்பவளாகவும் ஆனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டிரம் மிஷின், தானாக ஓடும் பாஸ் என்கிற கனத்த கீழ்ச் சத்தம், அதன் மேல் உறுமி. இதுதான் எங்கள் குழுவின் சரக்கு. எலக்ட்ரானிக் இசையும் உறுமியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் முதலில் சொன்னபோது, அண்ணே மட்டும்தான் சிரிக்காமல் கேட்டார்.

உறுமிக்கு இரண்டு முகம். இடது முகத்தில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்த்தால் அடிவயிற்றிலிருந்து ஒரு நீளமான முனகல் வரும். வலது முகத்தில் அடித்தால் "டக்" என்று வெட்டும். சிந்தசைசரின் பாஸ் குடியிருப்பதும் அந்த முனகலின் வீட்டில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தால், ஒரே கதவில் இரண்டு குண்டு ஆட்கள் மாட்டிக்கொண்ட கதை.

முந்தின வருடம் அதே மண்டபத்தில், அதே சங்கத்தின் தீபாவளி விருந்தில் அதுதான் நடந்தது. முதல் பாட்டிலேயே சத்தம் குழம்பி, மண்டபத்துக்குள் யாரோ லாரியை ஸ்டார்ட் செய்து நிறுத்தி வைத்தது போல ஆகிவிட்டது. ஜனங்கள் காதைத் தடவினார்கள். நான் கீபோர்டுக்குப் பின்னால் இருந்து சேவியரைப் பார்த்தேன். அண்ணன் பக்கம் விரலைக் காட்டினேன். பிறகு உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினேன்.

சேவியர் உறுமியின் மைக்கைக் குறைத்தார். சத்தம் துப்புரவாகிவிட்டது. ஜனங்கள் ஆடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணே ஒரு மணி நேரம் வாசித்தார். விரலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. இறங்கி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. அந்த முகம் எத்தனை நிமிடம் அப்படியே இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கைதட்டலுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் உறுமியை வேனில் ஏற்றிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அஞ்சலை அக்கா ஏதோ சொன்னாராம்.

அதற்குப் பிறகு அவர் ஒத்திகைக்கு வரவில்லை. மைக்கைக் குறைத்தது சேவியர்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பார் என்று நான் எடுத்துக்கொண்டேன். சேவியர் நல்ல மனிதர், வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

சிம்பாங் அம்பாட்டில் ஒரு கோப்பை மைலோ

சில மாதங்கள் கழித்துச் சங்கத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. "உறுமி உண்டுதானே? பாதி மேசைக்கு ஃபெரி ஏறி அந்தக் கரை ஆளுங்க வராங்க. உறுமி இல்லாம வராதீங்க."

ஒரு சனிக்கிழமை ஃபெரி ஏறி, பட்டர்வொர்த்தில் பஸ் மாறி, சிம்பாங் அம்பாட் போய்ச் சேர்ந்தேன். தாமான் என்கிற குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. வாசலில் மோட்டார் சைக்கிள், அதன் மேல் காயப்போட்ட வேலைச் சட்டை. அஞ்சலை அக்கா மைலோ கலக்கிக் கொடுத்தார். அண்ணே எதிரில் உட்கார்ந்து, சுவரில் இருந்த காலண்டரையே படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் மிஷின் வாசிக்கிறவங்களா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா."

"நல்லாத்தான் கேட்டுச்சு உங்களோடது. இவரு கை மட்டும் ஆடுறது தெரிஞ்சுச்சு. சத்தம் வரல. ஊமப் படம் மாதிரி. என் தங்கச்சி வீட்டுக்காரரு கேக்குறாரு, மச்சான் சும்மா நடிக்கிறாரான்னு."

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஹால் சரியில்ல அக்கா, சத்தம் கொழம்பிருச்சு" என்றேன். மண்டபத்தின் மேல் பழியைப் போட்டால் மண்டபமா வந்து சண்டை போடப் போகிறது?

அண்ணே அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"இந்தத் தடவ என்ன மாறும்?"

"உங்க ஒவ்வொரு அடியும் கேக்கும் அண்ணே. அது என் பொறுப்பு. மிஷின்தான் தாழ்ந்து போவும்."

"எப்பிடி?"

"தெரியல. கண்டுபிடிப்பேன்."

அவர் நிதானமாகச் சொன்னார். "வரேன். ஆனா என் சத்தம் அமுங்குச்சுனா, நடுப் பாட்டா இருந்தாலும் எறங்கிப் போயிருவேன். அப்புறம் கூப்பிடக் கூடாது."

அஞ்சலை அக்கா காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "நானும் வருவேன். மொத வரிசையில ஒக்காருவேன்" என்றார். அது உற்சாகப்படுத்தும் குரல் அல்ல.

வானொலியில் தாழ்ந்த பாட்டு

திரும்பி வரும்போது ஃபெரியில் காற்று முகத்தில் அடிக்க, நான் கடலைப் பார்க்கவில்லை. சின்ன வயது வானொலியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நேயர் விருப்பம் உண்டு. பாட்டு முழங்கிக்கொண்டிருக்கும். அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பாட்டு மரியாதையாகத் தாழும். அவர் பெயர்களை வாசித்து முடித்ததும் மெல்ல எழுந்து வரும். யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து குமிழைத் திருகுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடித்தும் இருக்கிறேன்.

குமிழைத் திருக ஆள் தேவையில்லை, அதைச் செய்ய ஒரு கருவியே உண்டு என்று எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் ஓர் ஒலிக்கருவிப் பட்டியலைப் புரட்டியபோது தெரிந்துகொண்டேன். கம்ப்ரெஸர். சத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் அதை அமுக்கிப் பிடிக்கிற பெட்டி. சாதாரணமாக அது தன் வழியாகப் போகிற சத்தத்தைத்தான் கேட்டு, அதைத்தான் அமுக்கும். சிலவற்றின் முதுகில் மட்டும் இன்னொரு துளை இருக்கும். அதற்குப் பெயர் சைட்செயின். அந்தத் துளை வழியாக வேறொரு சத்தத்தைக் கேட்க வைக்கலாம். அதாவது, உறுமியைக் கேட்டுவிட்டு பாஸை அமுக்கு என்று சொல்லலாம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மீ கோரெங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அறிவிப்பாளர் இடத்தில் அண்ணே, பாட்டு இடத்தில் மிஷின்!

அன்று மாலை வீட்டில், "கம்ப்ரெஸர் ஒண்டு வாங்கப் போறன் அப்பா" என்றேன்.

"ஏன் பிள்ளை, குளிர்ப்பெட்டி பழுதோ?" என்றார் அப்பா.

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எட்டு வருசம் பியானோ படிப்பிச்சது உறுமிக்கு வழிவிடத்தானோ?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஓம் என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

முதுகைப் பார்த்து வாங்கியது

பினாங்கு ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பழைய இசைக் கருவிகள் விற்கும் சீனக் கடை இருந்தது. கடை முதலாளி, அதாவது தவுக்கே, எப்போதும் பனியனோடுதான் இருப்பார். அலமாரியில் மூன்று கம்ப்ரெஸர்கள்.

முதலாவது பார்க்க ராஜா மாதிரி. முன்பக்கம் மஞ்சளாக ஒளிரும் இரண்டு முள் மீட்டர்கள். இரண்டாவது புத்தம் புதுசு, மலிவு, பெட்டி கூடப் பிரிக்கவில்லை. மூன்றாவது எங்கேயோ ஒரு கிளப்பில் அடிபட்டு வந்தது. கறுப்புப் பெயின்ட் உரிந்து, ஒரு குமிழுக்குத் தொப்பி இல்லாமல் மொட்டைத் தண்டாக நின்றது.

நான் மூன்றையும் திருப்பித் திருப்பி முதுகைப் பார்த்தேன்.

"அலாமாக்!" என்றார் தவுக்கே. மிச்சத்தைக் கடைத்தெரு மலாயில் சொன்னார். எல்லாரும் முகத்தைப் பார்த்து வாங்குவார்கள், நீ மட்டும் ஏன் முதுகைப் பார்க்கிறாய் என்று.

ராஜாவின் முதுகில் அந்தத் துளை இல்லை. புதுசுக்கும் இல்லை. மொட்டைக் குமிழுக்கு இருந்தது. அதோடு, அமுக்கிப் பிடித்ததை எவ்வளவு சீக்கிரம் விட வேண்டும் என்று சொல்ல ரிலீஸ் என்று ஒரு தனிக் குமிழும் இருந்தது. இது இல்லாமல் தானாகவே முடிவு செய்கிற பெட்டிகளும் உண்டு. எனக்கு அது சரிப்படாது. அண்ணனின் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில் பாஸ் எழுந்து ஒரு மூச்சு விட்டாக வேண்டும். அந்த இடைவெளி பெட்டிக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

மொட்டைக் குமிழை ஒரு பாத்திக் சாரோங்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

பேசாத பெட்டி

வந்தவுடன் மாட்டினேன். உறுமியின் பழைய ஒத்திகை கேசட்டை ஓடவிட்டு, கேசட் பிளேயரின் ஒயரைச் சைட்செயின் துளையில் செருகினேன். பாஸைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சிவப்பு விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. பாஸ் பாட்டுக்கு மாடு மாதிரி போய்க்கொண்டிருந்தது.

இரண்டு நாள் எல்லாக் குமிழையும் எல்லாப் பக்கமும் திருகினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் நியாயம் தெரியாது. மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், நாலு பேர் பார்க்க, செத்த மிஷினை என் தலையில் கட்டிவிட்டாய் என்று தவுக்கேயைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தார். எல்லாவற்றையும் மாட்டச் சொன்னார். மாட்டினேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, நான் அழுத்திச் செருகியிருந்த ஒயரைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார். பாதி வந்ததும் "கிளிக்" என்றது. அங்கேயே விட்டுவிட்டார்.

சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. கேசட்டில் அண்ணே அடிக்க அடிக்க பாஸ் குனிந்து குனிந்து எழுந்தது.

ஏன் என்று கேட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது, சில மிஷின் பாதி செருகினால்தான் பேசும் லா என்றார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் துளைக்குள் போகவும் வரவும் இரண்டு வழி. நான் செருகியது ஒரு வழி ஒயர். முழுதாகத் தள்ளினால் வருகிற வழியை அதுவே அடைத்துவிடும், பெட்டி காது கேட்காமல் உட்கார்ந்திருக்கும். தினமும் நூற்றுக்கணக்கான போர்டுகளில் இதே மாதிரித் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்! என் முகத்தில் ஈயாடவில்லை. தவுக்கே ஒரு சின்னச் சிரிப்போடு பெட்டியை அதே சாரோங்கில் சுற்றிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் ஒரு டஜன் கூயே பலகாரம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கடையிலிருந்து திரும்பிய அன்றிரவே சரியான ஒயர்கள் இரண்டை நானே பற்றவைத்தேன். ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று.

பிறகு மூன்று மாதம் அண்ணே கெலுகோருக்கு வந்து ஒத்திகை பார்த்தார். என் அறையில் சின்ன ஸ்பீக்கர், என்னுடைய சின்ன மைக், அதையும் உறுமியின் வலது முகத்துப் பக்கம் மட்டும் வைத்திருந்தேன். எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடியது. அண்ணே, "ஹால்ல பாப்போம்" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார்.

வாளி வேறு, உறுமி வேறு

இனி அந்த மண்டபத்துக்கு வருவோம்.

ஆறே முக்காலுக்குத் திரைக்குப் பின்னால் பூசை நடந்தது. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, அண்ணே மஞ்சள் துணியை அவிழ்த்தார். உள்ளே உறுமிக்குப் புதுத் தோல்! இந்த நிகழ்ச்சிக்காகவே மாற்றியிருக்கிறார், சொல்லவில்லை. சேவியரும் தன் பங்குக்குப் பெரிய மண்டபமாயிற்றே என்று தன்னிடம் இருந்த ஆகப் பெரிய மைக்கை உறுமியின் இரண்டு முகத்துக்கும் நடுவில் வைத்திருந்தார். ஊசி விழும் சத்தத்தையும் இடி மாதிரிப் பிடிக்கிற மைக் அது. ஆளாளுக்கு நல்லது செய்திருந்தோம்.

முதல் பாட்டு தொடங்கியது. அண்ணே குச்சியை வைத்துத் தேய்த்தார். அந்தப் புதுத் தோலின் முனகல் மேடைப் பலகை வழியாக என் காலில் ஏறியது. மேடை ஓரம் சேவியரின் மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு விளக்குகள் அத்தனையும் எரிந்தன. எரிந்தன, எரிந்துகொண்டே இருந்தன. அணையவில்லை.

வாளிக்கு முனகத் தெரியாது. "டக்" என்ற அடிக்குத்தான் நான் எல்லாவற்றையும் திருகி வைத்திருந்தேன். உறுமியோ அடிக்கு அடி நடுவிலும் முனகிக்கொண்டே இருக்கிறது. பெட்டி அதையும் கேட்டு, பாஸின் கழுத்தைப் பிடித்த பிடியை விடவே இல்லை. பாஸ் காணாமல் போய்விட்டது. ஆட வேண்டிய பாட்டு எலும்பும் தோலுமாக நின்றது. எழுந்து வந்திருந்த இரண்டு மேசைக்காரர்கள் திரும்பிப் போய் பிரியாணியில் கை வைத்தார்கள்.

சேவியர் என்னைப் பார்த்தார். அவர் விரல் ஏற்கெனவே உறுமியின் குமிழில் இருந்தது. குறைத்தால் போதும். விளக்கு அணையும், பாஸ் வரும், ஜனங்கள் எழுந்து வருவார்கள். முந்தின வருடம் அப்படித்தான் செய்தோம்.

என் கை எழுந்தது. பொய் சொல்லவில்லை, எழுந்தது. தோள் உயரம் வரை வந்துவிட்டது. முதல் வரிசையில் அஞ்சலை அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு, கணவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை இறக்கிக் கீபோர்டின் மேல் வைத்தேன். மாட்டேன் என்று சேவியரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

அந்தப் பாட்டு முடிகிற வரை நாலு நிமிடம். அதைவிட நீளமான பாட்டை நான் வாசித்ததில்லை. முடிந்ததும் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, அடுத்தது நீங்க தனியா. நான் தல ஆட்டுற வரைக்கும் நிறுத்தாதீங்க."

"தனியாவா? லிஸ்டுல இல்லையே?"

"இப்ப இருக்கு."

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, மேடை நடுவுக்கு நடந்தார். தேய்த்தார். அடித்தார். கரண்டிச் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது. பிறகு அந்தக் கரை மேசையிலிருந்து ஒரு விசில் பறந்தது.

நான் அதற்குள் சேவியரின் மேசைக்குப் பின்னால் முழங்காலில் இருந்தேன். "பக்கத்து ஸ்பீக்கருக்கு வச்சிருக்கிற ஈக்வலைசர எடுத்துக்கிறேன் சேவியர். அதுல ஒரு பக்கம் ஒண்ணும் மாட்டாம சும்மாதானே கெடக்கு?"

"எடு லா. எதையாவது செய்!"

பெட்டியின் முதுகிலிருந்த ஒயரைப் பிடுங்கி ஈக்வலைசரில் செருகினேன். அதிலிருந்து நான் பற்றவைத்த கூடுதல் ஒயரைப் பெட்டிக்குக் கொண்டுவந்தேன். ஈக்வலைசர் என்பது வரிசையாகச் சின்ன நெம்புகோல்கள் உள்ள கருவி. இடது பக்கத்தவை கனத்த ஒலிக்கு, வலது பக்கத்தவை மெல்லிய ஒலிக்கு. இடது பக்கத்தவை அத்தனையையும் அடிமட்டத்துக்கு இழுத்தேன். ஜனங்களின் காதுக்கு முழு உறுமி. பெட்டியின் காதுக்கு அந்த "டக்" மட்டும்.

விளக்குகள் அணைந்தன. அண்ணே அடித்தார், எரிந்தன. தேய்த்தார், அணைந்தே இருந்தன. அடித்தார், எரிந்தன. ரிலீஸ் குமிழைப் பிடித்தேன். மொட்டைத் தண்டு விரலில் குத்தியது. அடுத்த அடிக்குள் விளக்கு அணைகிற வரை திருகினேன். மண்டபத்தில் முந்நூறு பேர் உறுமியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று மணிக்குச் செய்திருக்க வேண்டிய வேலையை அவர்கள் முன்னிலையில் செய்துகொண்டிருந்தேன்.

கீபோர்டுக்குத் திரும்பி வந்தேன். எப்போதும் மிஷினின் தாளத்துக்கு அண்ணே வாசிப்பார். அன்று அவர் தாளத்துக்கு மிஷினின் வேகத்தைக் கூட்டி வைத்தேன். அவருடைய ஓர் அடியில் விரலை அழுத்தினேன்.

பாஸ் வந்தது. அவர் அடித்தார், அது குனிந்தது. கை எடுத்தார், அது மண்டபத்தை நிறைத்துக்கொண்டு எழுந்தது.

அண்ணே திரும்பிப் பார்த்தார். வேண்டுமென்றே அடிப்பதை நிறுத்தினார். பாஸ் பொங்கியது. ஓர் அடி. குனிந்தது. இரண்டு அடி. குனிந்தே இருந்தது. பிறகு அவர் பல் தெரியச் சிரித்ததை மேடையில் முதன்முறையாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. பாஸை அவர்தான் வாசித்தார் என்றே சொல்ல வேண்டும், நான் சும்மா கூட நின்றேன். மேசைகளை நகர்த்திவிட்டு ஆடினார்கள். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே வாசித்தேன்.

வேன் பக்கத்தில்

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அஞ்சலை அக்கா மேடைக்குப் பக்கத்தில் வந்தார். "கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான். தண்ணீர்ப் போத்தலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வெளியே அண்ணே வேன் கதவைத் திறந்து வைத்து, உறுமிக்கு மஞ்சள் துணி சுற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வருடமாகத் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, போன வருசம் உங்க மைக்க கொறைக்கச் சொன்னது சேவியர் இல்ல. நான்தான்."

அவர் துணியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அடுத்த வரி எப்ப வரும்னு ஒன் தலையப் பாத்துதானே நான் அடிக்கிறேன்? நீ வெரலக் காட்டுன, கைய அமுத்துன. பாத்துக்கிட்டேதான் வாசிச்சேன். சத்தம் அடியோட போயிருச்சுன்னு அஞ்சல சொல்லித்தான் தெரியும்."

அவர் முடிச்சைப் போட்டு இறுக்கினார்.

"வீட்டுக்கு வந்து ஹால் சரியில்லன்னு சொன்ன பாரு, அப்பவே வர மாட்டேன்னு சொல்லிருக்கணும். இன்னிக்கும் மொதப் பாட்டுல ஒன் கை மேல போச்சு. சரி, இவ மாற மாட்டா, எறங்கிருவோம்னு தோல்லேருந்து குச்சிய எடுத்துட்டேன். அப்புறம் நீ கைய எறக்கிட்ட."

உறுமியை வேனுக்குள் வைத்து, அது உருளாமல் இருக்க வேலைச் சட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். அஞ்சலை அக்கா முன்னால் ஏறிக்கொண்டார். அண்ணே வண்டியைக் கிளப்பிவிட்டு, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த தடவ எல்லாரையும் மூணு மணிக்கே வரச் சொல்லு. பூசைய மொதல்லயே போட்டுருவோம். அந்த வாளியக் கொண்டு வராத."